சாட்சி சொல்வது எப்படி?

(குற்றாலத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே தென்காசிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. தண்ணீர் பாயும் இடத்தில் தகராறும் உண்டு. பேசித் தீராத தகராறு கோர்ட்டுக்குப் போகிறது. அங்கே வாய்க்கால் எந்த வழியாக, எத்தனை காலமாக ஓடிற்று என்பதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவர் சத்தியப் பிரமாணம் செய்து சொல்வதும், அது எழுத்தில் பதிவாவதுமே சாட்சியம்.

பிறர் நிலத்தின் வழியே தண்ணீர் கொண்டுபோகும் பாத்தியதை உங்களுக்கு உண்டு, ஆனால் பத்திரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஒளிவின்றி, தடையின்றி, உரிமையோடு 20 வருஷம் அனுபவித்ததை ருசுப்படுத்த வேண்டும். சர்க்கார் நிலமானால் 30 வருஷம். இருபது வருஷக் கதையை இளைஞர் எப்படிச் சொல்வார்?

2002 ஜூலை முதல், சிவில் வழக்குகளில் முதல் விசாரணைச் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாகவே எழுதித் தாக்கல் செய்கிறார்கள். இங்கேதான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள். வக்கீல் குமாஸ்தா காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வடபுறம் என்று நீங்கள் சொன்னது தென்புறம் என்று தட்டச்சாகியிருக்கலாம். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான். நீங்கள் கண்ணால் கண்டதா, பிறர் சொல்லிக் கேட்டதா என்றும் கேட்பார். கேட்டதைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்பதும் நல்ல சாட்சியமே. அறிந்தே பொய் சொன்னால், இப்போதுள்ள பாரதீய நியாய சன்ஹிதாப்படி 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ஒருவர் சொல்லைக் கோர்ட்டு எப்படி நிறுக்கிறது என்பதற்கு நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் அங்கேயே உயிர்விட்டார். சதியைப் பற்றி அறிய, அப்ரூவர்களாக மாறிய ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை ஆகியோரின் சாட்சியம் வேண்டியிருந்தது. 14 பேர் மீதான அவ்வழக்கைச் சென்னை ஹைக்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் விசாரித்தனர். அப்ரூவரின் சொல்லை வேறு ஆதாரம் தாங்க வேண்டும் என்பது அன்றும் இன்றும் கோர்ட்டுகளின் வழக்கம். நம் வாய்க்கால் சாட்சி அப்ரூவர் அல்லர். ஆயினும் அடங்கலும் புலப்படமும் துணைநின்றால் அவர் சொல்லுக்குப் பலம் அதிகம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வாய்க்காலின் வரலாறு அறிந்தவர் எண்பது வயது நீர்ப்பாய்ச்சியாக இருப்பார். கோர்ட்டுப் படியேற அவரால் இயலாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளைப்படி மனுச் செய்தால், கோர்ட்டு ஒரு கமிஷனரை, பெரும்பாலும் ஒரு வக்கீலை, அவர் வீட்டுக்கே அனுப்பிச் சாட்சியம் பதிவு செய்யலாம். எதிர்க்கட்சியாரும் அங்கே வந்து குறுக்கு விசாரணை செய்யலாம். பின்னர் பெரியவர் காலமானாலும், அவர் சொன்னதை வழக்கில் சாட்சியமாக வாசிக்கலாம். தக்க காரணம் காட்டினால், விசாரணை முறை வருமுன்பே ஒரு சாட்சியை உடனே விசாரிக்க 18ஆம் கட்டளையும் இடம் தருகிறது. வாய்தா வரட்டும் என்று கட்சிக்காரர் காத்திருப்பார். பெரியவரின் ஆயுள் காத்திருக்குமா? ஆகவே உங்கள் ஊரில் இத்தகைய வழக்கு நடக்குமானால், வயதான சாட்சி யார் யார் என்பதை வக்கீலிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

செலவைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். கோர்ட்டுக்குப் போய்வரும் பிரயாணச் செலவும் படியும் சாட்சியை அழைக்கும் கட்சிக்காரரின் பொறுப்பு. சம்மன் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.