நம் பேச்சுக்கும் இலக்கணம் உண்டு

(செங்கல்பட்டில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் பேசியது)



போன வகுப்பு முடிந்து கிளம்புகிற நேரத்தில் ஒரு தோழர் நம்மை நிறுத்தினார். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயத் தொழிலாளி. பெயர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகள் பி.ஏ. தேறிவிட்டாள். அண்ணாமலை சர்வகலாசாலையில் மொழியியல் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "இன்னா தோழர் இது? பேசறத்துக்குக்கூடவா ஒரு படிப்பு? நர்ஸுக்குப் படின்னா கேக்க மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த வகுப்பில் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், அப்போது நமக்கே பதில் தெரியாது. நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். பிறகு அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டோம். அவள் கொடுத்த புத்தகங்களைப் படித்துப் பார்த்தோம். பாதி புரிந்தது. புரிந்த பாதியை இன்று சொல்கிறோம்.

நாம் இங்கே எப்படிப் பேசுகிறோம்? "வந்துக்கினு இருக்கான்" என்கிறோம். மதுரைப் பக்கத்துத் தோழர் "வந்துக்கிட்டு இருக்கான்" என்கிறார். அக்கிரகாரத்தில் "வந்துண்டிருக்கான்". புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறான்". நான்கும் ஒரே சொல்தான். 'கொண்டு' என்பது ஊருக்கு ஒரு விதமாக, சாதிக்கு ஒரு விதமாகத் தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததிலும் ஒழுங்கு இருக்கிறது! போய்க்கினு, தின்னுக்கினு, பாத்துக்கினு. எந்த வேலையைச் சொல்லும் சொல்லோடு வேண்டுமானாலும் சேர்த்துப் பாருங்கள், தப்பாது. சின்னப் பிள்ளைகூட அதைச் சரியாகத்தான் சேர்க்கிறது. எந்த வாத்தியார் கற்றுக்கொடுத்தார்? அதுதான் இலக்கணம். யாரும் எழுதிவைக்காத இலக்கணம். அதைக் கண்டுபிடித்து எழுதுவது இந்தப் படிப்பின் முதல் வேலை.

அப்படியானால் 'வந்துண்டு' என்றால் நாசூக்கு, 'வந்துக்கினு' என்றால் மட்டமான பேச்சு என்று சொல்கிறார்களே, அது எப்படி? ஒலியில் ஒன்றும் இல்லை தோழர்களே. அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது சங்கதி. காணியும் உத்தியோகமும் உள்ளவன் பேச்சு நாகரிகம் ஆகிறது. நாற்று நடுகிறவள் பேச்சு கொச்சை ஆகிறது.

இது சின்ன விஷயம் அல்ல. நாம் நாலாவது படித்தபோது, "சார், இவன் என்னை இஸ்துகினு போறான்" என்று சொல்லிப் பிரம்படி வாங்கினோம். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. அந்த வருஷம் முழுவதும் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பையன் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இப்படி மந்தமாக்கப்பட்டவர்கள் இந்தக் கொட்டகையில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், நமக்குத் தெரியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்று ஒரு சர்வகலாசாலை நகரம். அங்கே வசதியானவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஏழை நீக்ரோ பிள்ளைகளும் (இன்று கறுப்பின மக்கள் என்கிறோம்) படித்தார்கள். அவர்களைப் படிப்பு ஏறாதவர்கள் என்று ஒதுக்கினார்கள். தாய்மார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மொழியியல் பேராசிரியர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது உடைந்த ஆங்கிலம் அல்ல, விதிகள் உள்ள பேச்சு என்று விளக்கினார்கள். 1979-ல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைக் கணக்கில் எடுக்காதது பள்ளி நிர்வாகத்தின் குற்றம். அந்தப் பேச்சைப் பற்றி முதலில் வாத்தியார்கள் படிக்கட்டும் என்றார். வாத்தியார்கள் படிக்கட்டும்! அதைப் படித்தபோது நம் நாலாம் வகுப்புப் பிரம்பு ஞாபகம் வந்தது.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனு எழுத வேண்டும், பத்திரிகை படிக்க வேண்டும், கோயமுத்தூர்த் தோழரோடும் யாழ்ப்பாணத் தோழரோடும் பேச வேண்டும். அதைப் பிள்ளைகள் கற்றே தீரவேண்டும். வீட்டுப் பேச்சைக் காறித் துப்பித்தான் அதைக் கற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பேச்சு கல்லிலும் ஏறியிருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குகைக்குப் போனவர்கள் சுவரில் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சமஸ்கிருதச் சுலோகங்களைக் கிரந்த எழுத்தில் ஒரு முறை, நாகரி எழுத்தில் ஒரு முறை என்று ராஜா இரண்டு தடவை வெட்டிவைத்தான். வந்து போகிறவர்கள் பல தேசத்தார் அல்லவா! ஆனால் நம் செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குகையில் இருப்பது தமிழ். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். அதில் 'அரசர்' என்பது 'அரெசரு' என்று இருக்கிறது. 'செய்வித்த' என்பது 'செயிவித்த' என்று இருக்கிறது. இன்று ஒரு பையன் பரீட்சையில் அப்படி எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்கள்.

இந்தப் படிப்பு எப்போதும் ஏழைக்கு உழைத்ததா என்றால், இல்லை. மதராஸ் கலெக்டராயிருந்த எல்லிஸ் என்ற வெள்ளைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் இவை சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று வேர்ச்சொற்களை அடுக்கி 1816-லேயே அச்சில் காட்டியவர் அவர். கால்டுவெல் பாதிரியாரின் பெரிய நூல் வந்தது அதற்கு 40 வருஷம் கழித்து, 1856-ல். எல்லிஸ் மெத்தப் படித்தவர், சந்தேகமில்லை. அதே எல்லிஸ் 1818-ல் இன்னொரு நூல் அச்சிட்டார். தொண்டைமண்டலத்து மிராசு உரிமை பற்றியது, அதாவது நம் ஜில்லா நிலத்தைப் பற்றியது. காணியாட்சி என்றால் என்ன, மிராசு என்றால் என்ன என்று பழைய சொற்களைத் தோண்டி எடுத்து மிராசுதார்களின் பாத்தியதைக்கு ஆதாரம் காட்டினார். கேட்டது சர்க்கார், பதில் சொன்னது படித்தவர்கள். படியாளின் பிள்ளை ஒருவன் அன்று அந்தச் சபையில் இருந்து சொற்களுக்குப் பொருள் சொல்லியிருந்தால்? 73 வருஷம் கழித்து, 1891-ல், செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் தாழ்த்தப்பட்டவர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதிய பிறகுதான், 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பது வேறு வகுப்பு.

தாலுக்கா ஆபீசுக்குப் போனால் நம்மை மிரட்டுகிற சொற்களைப் பாருங்கள். மிராசு, கிஸ்தி, ஜப்தி, வாய்தா எல்லாம் அரபு, பார்சி வழியாக நவாபு காலத்தில் வந்தவை. ஏலம் போர்த்துகீசியச் சொல். ஜப்தி அரபு, ஏலம் போர்த்துகீசு, பிடுங்கிப்போனது நம் மாடு! நாமும் வெளியே சொற்களை அனுப்பியிருக்கிறோம். இந்தக் கடற்கரைக் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'காட்டமரான்' ஆயிற்று. பறையர் என்ற சொல்லிலிருந்து 'பரையா' என்று எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டவனுக்கு உலகமெல்லாம் அந்தப் பெயரை வைத்தார்கள். படகும் போயிற்று, இழிவும் போயிற்று.

இருளர் தோழர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் இருளர் 1,89,661 பேர். இருளர் மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தவர்களோ, நாடு முழுவதிலும் 11,870 பேர். அதையும் தமிழ் என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்துவிட்டார்கள். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த கமில் சுவலபில் என்ற அறிஞர் நீலகிரி இருளரின் மொழியைப் பற்றி மூன்று பாகங்கள் எழுதினார். முதல் பாகம் 1973-ல் வந்தது. எங்கேயோ இருந்து ஒருவர் வந்து எழுதினார். சூளையிலும் அரிசி மில்லிலும் இருளரோடு வேலை செய்கிற நாம் அவர்கள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டோமா?

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை அறிவீர்கள். அங்கிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே காட்டில் பெருகிப்போன மலைப்பாம்பைப் பிடிக்க வேண்டும். சர்வகலாசாலை விஞ்ஞானிகள் கூட நின்றார்கள். நடுவில் மொழிபெயர்க்க ஆள் போயிற்று. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள்! தடம் பார்க்கிற அறிவு இருளரிடம் இருந்தது. அதை மற்றவருக்குக் கொண்டுபோக ஒரு பாஷைப் பாலம் தேவைப்பட்டது.

அந்தப் பாலம் நமக்கும் இல்லை, தோழர்களே. இன்று சூளைக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மில்லில் பீகார்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் புரியாமல் இருப்பது முதலாளிக்கு எவ்வளவு சௌகரியம்! நாம் தமிழில் துண்டறிக்கை அடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, சங்கத்துக்கு வரவில்லையே என்று குறைப்படுகிறோம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தபோதும் வாடியா ஆங்கிலத்தில்தான் பேசினார்; தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததால் பி அண்டு சி மில் தொழிலாளி கேட்டான். ஒடியா தெரிந்த ஒரு பெண் நம் சங்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மொழியியல் படிக்கிறவர்கள் புது பாஷையைக் காதால் கேட்டு எழுதவும், அதன் விதிகளைப் பிடிக்கவும் பழகுகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் முதலில் ஒடியா கற்கட்டும் என்று நமக்கு ஓர் ஆசை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வேலை கிடைக்குமா என்று தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. நர்ஸு வேலை போல் நிச்சயம் இல்லை. வாத்தியார் வேலை, மொழிபெயர்ப்பு, அகராதி, மைசூரில் 1969-ல் ஏற்பட்ட இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் போன்ற இடங்கள் உண்டு, போட்டியும் உண்டு. கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் கம்பெனிகளும் இப்போது இவர்களைத் தேடுகின்றன. பொய் சொல்லி அனுப்ப நாம் தயாரில்லை. கட்டணத்துக்குக் கிளைத் தோழர்கள் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள். மீதிக்கு இன்று துண்டு ஏந்துவோம்.

ஒரு விஷயம் பாக்கி. அந்தப் பெண் வருகிற ஞாயிறு நம் சேரிக்கும் மீனவக் குப்பத்துக்கும் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறாள். நடவில் என்னென்ன சொல்லுவீர்கள், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் என்ன பெயர், வலையின் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பெயர் என்று கேட்பாள். ரேடியோவில் பேசுவது போல் திருத்திப் பேச வேண்டாம். அவள் வந்திருப்பதை மறந்துவிட்டு, எப்போதும் பேசிக்கினு இருக்கிற மாதிரியே பேசுங்கள்.