யாலையில் காட்சி, மலையகத்தில் அச்சம்
(கொட்டகலையில் ஆற்றிய உரை)



புலி காண்போம் என்று, 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட யாலைக்குச் சென்றோம். இலங்கைக் காடுகளில் வரிப்புலி கிடையாது. நாம் புலியென்று சொல்வது சிறுத்தையைத்தான். அதைக் காணக் கட்டணம் செலுத்தி, ஜீப்பில் பாதுகாப்பாக அமர்ந்திருந்தோம். அதே சிறுத்தை உலவும் தேயிலை மலையில் நம் சகோதரியர் வெறுங்கையோடு கொழுந்து பறிக்கின்றனர்!

அச்சத்திற்கு விடை கொலையன்று. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியில் சிக்கிச் சில நாட்களில் மாண்டது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பி ஆள் பார்ப்பதில்லை, சிறுத்தை பார்ப்பதில்லை.

கம்பிகளை நாம் அகற்றுவோம். கொழுந்து பறிக்கும் மலைக்குக் காவல் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. விலங்கிற்குச் சட்டம் உண்டு. உழைப்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும்!