சாதுவான பாம்பு



"ஐயா, மண்ணுளிப் பாம்புக்கு நஞ்சு இல்லை, கடிப்பதும் அரிது. அதை வீட்டில் வளர்த்தால் என்ன?" என்று மாணவன் ஒருவன் என்னை வினவினான். நல்ல வினா. இன்று அதற்கு விடை காண்போம்.

மண்ணுளிப் பாம்பு போவா இனத்தைச் சேர்ந்தது. தடித்த பழுப்பு நிற உடலும் மழுங்கிய வாலும் உடையது. ஏறத்தாழ 3 அடி வரை வளரும். பகலில் மண்ணுக்குள் பதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து, எலிகளைச் சுற்றி இறுக்கிக் கொன்று உண்ணும். முட்டையிடாது, குட்டி ஈனும். 1801-ஆம் ஆண்டில் இதனை விவரித்த பாட்ரிக் ரஸ்ஸல், தரங்கம்பாடியில் வாழ்ந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜானின் பெயரை இதற்குச் சூட்டினார்.

பகை நெருங்கினால் இது தலையை உடற்சுருளில் மறைத்து வாலை உயர்த்தும். அடி வாலில் விழும், தலை தப்பும். ஆனால் இத்தந்திரமே இதற்கு வினையாயிற்று. வாலையும் தலையென்று கருதி, 'இருதலைப் பாம்பு' என்றனர் மக்கள். செல்வம் தரும் என நம்பிச் சிலர் பிடித்து விற்கின்றனர். நக்கினால் தொழுநோய் வரும் என அஞ்சிச் சிலர் அடித்துக் கொல்கின்றனர். தொழுநோய் கிருமியால் வருவது. பாம்பின் நாவால் அன்று. ஆசை, அச்சம் ஆகிய இரண்டுக்கும் வேர் அறியாமையே.

மேல்நாடுகளில், கூண்டிலேயே பிறந்த குட்டிகளைப் புதியவர்களும் வளர்க்கின்றனர். பெட்டியில் மணல், ஒருபுறம் இளஞ்சூடு, குடிநீர், உணவாக எலி ஆகியவற்றை அளித்தால் போதும். நம் நாட்டிலோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாய் தன் தலைவனை அறிந்து வாலாட்டுகிறது. பாம்போ நம் கையில் அசையாதிருப்பதனால் நம்மை நேசிப்பதாகாது. அமைதி வேறு, அன்பு வேறு. எதிர்த்துப் போரிடாத உயிரைச் சிறைப்படுத்துவது நட்பாகுமா?

ஆதலின், வயலில் இதனைக் கண்டால் தள்ளி நின்று பாருங்கள். வீட்டுக்குள் வந்தால் வனத்துறையினருக்குச் சொல்லுங்கள். பாம்புகளைக் குறித்துப் பயில விரும்பினால், 1972-இல் தோன்றிய சென்னைக் கிண்டிப் பாம்புப் பண்ணைக்குச் செல்லுங்கள். நிலக்கடலைக் கொல்லையில் எலி பிடிக்கும் இப்பாம்பு உழவனிடம் கூலி கேட்பதில்லை. அதனை அதன் மண்ணில் வாழ விடுவதே நாம் அளிக்கக்கூடிய கூலி.