கப்பலுக்குள் ஒரு கேணி

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில், காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே அமைந்த ஊர் மாங்கேணி. மூன்று ஊர்களின் பெயரிலும் கேணி என்னும் சொல் நிற்கின்றது. நீர் வேண்டி நிலத்தை அகழ்வது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. அத்தொழிலை நடுக்கடலிலே, அதுவும் ஆடும் கப்பலொன்றிலே நின்று செய்வதென்றால் எப்படி?

மாங்கேணிக் கரையிலிருந்து நேர் கிழக்காகக் கடலின்மீது ஒரு கோடு இழுப்பதாகக் கொள்வோமாயின், அது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ எட்டாம் பாகையிற் செல்லும். ஏறக்குறைய 500 கிலோமீற்றர் சென்றதும், 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கப்பல் கடலடியைத் துளைத்த இடங்களை அக்கோடு அடையும். ஜொயிடிஸ் ரெசலூஷன் என்பது அக்கப்பலின் பெயர். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, எட்டாம் பாகையை ஒட்டி ஏழு இடங்களிலே துளையிட்டு, மார்ச் மாத இறுதியில் அது கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. இமயத்திலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் அரித்துவந்து வங்காள விரிகுடாவின் அடியில் பரப்பிய மண்ணை, அடுக்கடுக்காக எடுத்து ஆராய்வதே அப்பயணத்தின் நோக்கம்.

துளையிடும் கப்பல் பிற கப்பல்களைப் போன்றதன்று. நீரை வெளியே நிறுத்துவதே கப்பலின் முதற் கடமை. இக்கப்பலிலோ, நட்டநடுவே மேல்தளத்திலிருந்து அடிவரை ஒரு துவாரம் வைத்தே கட்டுகின்றனர். அதற்குள் கடல்நீர் நின்று ஏறியும் இறங்கியும் அசையும். ஆங்கிலத்திலே இதற்கு நிலாக்குளம் என்று பொருள்படும் ஒரு பெயர் வழங்குகின்றது. மாங்கேணியார் இதனைக் கேணி என்றே சொல்லிவிடலாம். கேணிக்கு நேர்மேலே உயர்ந்த கோபுரம் நிற்கும். கோபுரத்திலிருந்து இறங்கும் குழாய்கள் கேணி வழியாகக் கடலுக்குள் செல்லும்.

அக்குழாய்கள் எத்தனை! ரெசலூஷன் கப்பலில் மூன்று குழாய்களை ஒன்றாகப் பொருத்தி, 28½ மீற்றர் நீளமுள்ள ஒரு தொகுதியாக்கி இறக்கினர். மேலே சொன்ன இடங்களிற் கடலின் ஆழம் சுமார் 3,700 மீற்றர். ஆகவே, கடலடியைத் தொடுவதற்கே ஏறக்குறைய 130 தொகுதிகள் வேண்டும். அதன் பின்னரே துளையிடும் வேலை தொடங்கும். துளைமுனை தேய்ந்து போனால் அத்தனையையும் மேலே இழுத்து, கழற்றி அடுக்கி, மீண்டும் இறக்கவேண்டும். ஆகவே துளையிடும் கப்பலில் நாளெல்லாம் நடைபெறும் வேலை, உண்மையிற் சுமை ஏற்றுவதும் இறக்குவதுமே. துறைமுகத்திற் செய்யும் வேலையை, துறைமுகத்தின் அமைதி இன்றி நடுக்கடலிற் செய்கின்றனர்.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. தரையிலே பெருஞ்சுமையை நகர்த்தப் பாரந்தூக்கி போதும். கப்பலிலே பாரந்தூக்கியின் கயிற்றிற் தொங்கும் சுமை, கப்பல் சாயுந்தோறும் ஊஞ்சலாகும். ஒரு தொன் இரும்பு ஊஞ்சலாடினாலே அருகில் நிற்பவனுக்கு உயிர் தப்புவது அரிது. நூற்றுக்கணக்கான தொன் ஊஞ்சலாடினாற் கப்பலின் சுவரே சம்மட்டி அடி பட்டதுபோற் சிதையும். மீன்பிடி வள்ளத்திற் செல்வோர் இவ்வுண்மையை எந்த நூலையும் படியாமலே அறிவர். வலையையும் பனிக்கட்டிப் பெட்டியையும் அவர்கள் உயரத்திற் கட்டித் தொங்கவிடுவதில்லை. அடியிற் பரப்பிய பலகைமீது வைத்து, நகராதபடி அணைத்துவிடுவர். பாரம் தாழ்ந்திருக்கவேண்டும், கீழிருந்து தாங்கப்படவேண்டும், தானாக நகரக்கூடாது. பெருங்கப்பலின் பொறியியலும் இம்மூன்று விதிகளுக்குள்ளேயே அடங்கும்.

ஆயினும் வள்ளத்தில் இல்லாத ஒரு சிக்கல் துளையிடும் கப்பலில் உண்டு. அங்கே சுமை போய்ச் சேரவேண்டிய இடமோ கேணியின் நடு. அங்கே தளம் இல்லை. தளம் இருந்தால் குழாய் இறங்காது. தளம் இல்லாவிட்டாற் சுமையை வைக்க இடமில்லை. இம்முரணைத் தீர்க்கும் வழி ஒன்றே. சுமையைத் தூக்கிச் செல்லாது, சுமை நிற்கும் தளத்தையே நகர்த்துவது. வேண்டும்போது தளம் கேணியை மூடும். வேண்டாதபோது விலகி ஒதுங்கும்.

இத்தகைய தளத்தின் தேவை, இலங்கையின் கடலிற் பணிசெய்த மற்றொரு கப்பலை நோக்கினால் விளங்கும். 2011ஆம் ஆண்டிலே மன்னார்ப் படுகையில் எண்ணெயும் வாயுவும் தேடுவதற்குக் கெயார்ன் லங்கா நிறுவனம் சிக்கியு என்ற யப்பானியக் கப்பலை வரவழைத்தது. யப்பான் மொழியிற் சிக்கியு என்றால் பூமி. 210 மீற்றர் நீளமும் 38 மீற்றர் அகலமும் கொண்ட அக்கப்பலின் கேணி மட்டும் 22 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம். மன்னார்க் கடலில் 1,354 மீற்றர் ஆழமான இடத்திலே அது தோண்டிய முதற் கிணற்றில் இயற்கை வாயு காணப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அச்செய்தி வெளியாயிற்று.

எண்ணெயோ வாயுவோ இருக்கக்கூடிய நிலத்தைத் துளைக்கும்போது, கடலடியிற் கிணற்று வாயின்மீது ஒரு பெரும் அடைப்பு யந்திரத்தை இருத்துவர். நிலத்தடி அழுத்தம் மீறிப் பீறிட்டாற் குழாயை நெரித்தும் அறுத்தும் கிணற்றை அடைத்துவிடுவது அதன் கடமை. சிக்கியுவில் உள்ள அத்தகைய யந்திரத்தின் நிறை ஏறத்தாழ 380 தொன். இவ்வளவு நிறையுள்ள யந்திரத்தைக் கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து கேணியின் நடுவுக்குக் கொண்டுவரவேண்டும்.

இத்தகைய கப்பல்களிற் பொதுவாகக் கையாளும் முறை இது. யந்திரம் கேணியின் ஓரத்திலே, தண்டவாளத்தின்மீது அமைந்த ஒரு நகரும் தளத்தில் நிற்கும். அங்கேயே அதனைச் சோதித்துப் பழுது பார்ப்பர். இறக்கும் வேளையில் தளம் யந்திரத்தைச் சுமந்தபடி மெல்ல நகர்ந்து கேணியின் நடுவுக்கு வரும். மேலிருந்து வரும் பருத்த குழாயை யந்திரத்தின் தலையிற் பொருத்துவர். குழாய் பாரத்தை ஏற்றுக்கொண்டதும் தளம் பின்வாங்கும். அதன் பின்னரே யந்திரம் கடலுக்குள் இறங்கும். பாரம் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் அந்தக் கணம் வரையில், அது தாங்கலின்றித் தொங்குவதே இல்லை.

தண்டவாளமும் சில்லும் மட்டும் போதுமா என்றால், போதா. கப்பல் ஐந்து பாகை சாய்ந்தது என்று வைத்துக்கொண்டால், 380 தொன் யந்திரத்தைச் சரிவை நோக்கி இழுக்கும் விசை 33 தொன் ஆகும். சாதாரணச் சில்லு அவ்விசையில் உருண்டோடிவிடும். ஆதலால் தளத்தை நகர்த்துவதற்குப் பற்சட்டமும் பற்சில்லும், அன்றி நீரழுத்தத் தண்டுகளும் அமைப்பர். பல்லோடு பல் கவ்வி நிற்பதால், தளம் வழுக்கி ஓடாது. மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பெரும் ஆணிகள் பாய்ந்து அதனைப் பூட்டும். கேணிக்குள் அலை எழும்பி அறையும்போது நீர் வடிந்தோடத் தளத்தில் இடைவெளிகள் விடுவர். கேணியினாற் கப்பலின் உடல் வலுக் குறைவதனால், அதன் விளிம்புகளிற் தடித்த தகடுகளை இட்டு, மூலைகளை வளைத்துக் கட்டுவர். கூரிய மூலையிலேதான் வெடிப்புத் தொடங்கும்.

நகரும் தளத்தின் வரலாற்றில் வியப்புக்குரிய கப்பல் ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவிற் கட்டப்பட்ட குளோமார் எக்ஸ்புளோரர் என்பதே அது. கடலடியிற் கிடக்கும் மங்கனீசு உருண்டைகளை அள்ளச் செல்வதாக உலகுக்குச் சொல்லப்பட்டது. உண்மையான நோக்கம், 1968ஆம் ஆண்டிற் பசிபிக் சமுத்திரத்தில் மூழ்கிய கே-129 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை, ஏறக்குறைய 5 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து மறைவாக மேலெடுப்பது. அதன் கேணி 60 மீற்றர் நீளமும் 22 மீற்றர் அகலமும் உடையது. கேணியின் அடிக்கு இரண்டு பெருங்கதவுகள். ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் நகர்ந்து கேணியைத் திறக்கும். இரண்டும் கூடிப் பொருந்தியபின் நீரை இறைத்துவிட்டாற் கடல் கிடந்த இடம் உலர்ந்த கூடமாக மாறும். கதவுகளே அதன் தரையாகும்.

நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றித் தூக்குவதற்கான பெரும் பிடியை இக்கப்பலுள் ஏற்றிய விதமும் புதுமையானது. அப்பிடியின் பாரம் இரண்டாயிரம் தொன்னுக்கு மேற்பட்டது. அதனை மேலிருந்து பாரந்தூக்கியால் இறக்கவில்லை. கூரையுள்ள ஒரு மிதவைக்குள் அதனைக் கட்டி, மிதவையைக் கலிபோர்னியாக் கரைக்கு அப்பாற் கடலில் மூழ்கச் செய்து, கப்பலை அதற்கு மேலே நிறுத்தி, கதவுகளைத் திறந்து, கீழிருந்து உள்ளே எடுத்தனர். சரக்கு கப்பலின் அடிவழியாக ஏறியது. அன்றியும், குழாயைத் தாங்கும் மேல்மேடை அச்சுகளின்மீது சுழலத்தக்கதாக அமைந்திருந்தது. கப்பல் ஆடும்; மேடை ஆடாது நிற்கும். தளம் நகர்வது ஒரு கலை என்றால், எல்லாம் நகரும்போது தளம் நகராதிருப்பது மற்றொரு கலை.

1974ஆம் ஆண்டு யூலை, ஆகஸ்ட் மாதங்களில் அம்முயற்சி நடந்தது. தூக்கிவரும் வழியிற் பிடியின் விரல்கள் சில முறிந்தன. கப்பலின் பெரும்பகுதி மீண்டும் ஆழத்தில் வீழ்ந்தது. எஞ்சிய பகுதி கேணிக்குள் வந்தது, கதவுகள் மூடின, நீர் இறைக்கப்பட்டது. உள்ளே சோவியத் மாலுமிகள் அறுவரின் உடல்கள் கிடந்தன. பகைநாட்டவர் ஆயினும் உரிய மரியாதையோடு அவர்களைக் கடலில் அடக்கஞ் செய்தனர். அச்சடங்கின் படச்சுருள் 1992இல் உருசியாவின் தலைவரிடம் கையளிக்கப்பட்டது. அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் 2006இல் அக்கப்பலை யந்திரவியல் வரலாற்றுச் சின்னமாக ஏற்றது. பின்னாளில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலாக உழைத்து, 2015இல் உடைப்பதற்காக அது சீனாவுக்குச் சென்றது.

இனி, இத்தளங்களைப் பற்றிக் கிழக்கிலங்கைக் கரையோரத்தார் ஏன் எண்ணவேண்டும் என்பதைக் காண்போம். 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் மெக்சிக்கோ வளைகுடாவிலே டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் கலத்தில் நெருப்புப் பற்றி 11 தொழிலாளர் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் கடலிற் கலந்தது. கிணற்று வாயில் இருந்த அடைப்பு யந்திரம் கிணற்றை அடைக்கத் தவறியது. அது உரிய காலத்திற் கழற்றி முழுமையாகச் சோதிக்கப்படவில்லை என்பதும் விசாரணைகளில் வெளியாயிற்று.

அடைப்பு யந்திரத்தைச் சோதிக்கவேண்டுமானால் அதனைக் கடலடியிலிருந்து மேலே எடுத்து, கேணியின் ஓரத்தில் இருத்தவேண்டும். அவ்வேலை நாட்கணக்கில் நடைபெறும். கப்பலின் ஒரு நாள் வாடகையோ பெருந்தொகை. எனவே "அடுத்த கிணற்றின்போது பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் எண்ணம் எழுவது இயல்பு. சுமையை எளிதாகவும் ஆபத்தின்றியும் நகர்த்தத்தக்க தளம் அந்த எண்ணத்திற்குரிய காரணங்களுள் ஒன்றையேனும் நீக்குகின்றது. நல்ல தளம் வேலையை விரைவாக்குவதோடு, பரிசோதனையையும் இயலக்கூடியதாக்குகின்றது. அதன் உண்மையான மதிப்பு இதுவே.

கடலில் எண்ணெய் கலக்கும் அச்சம் கிழக்குக் கரைக்குப் புதிதன்று. 2020ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெய் ஏற்றிய நியூ டயமண்ட் என்ற கப்பல், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே தீப்பிடித்து எரிந்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பல நாட் போராட்டத்தின் பின் தீ தணிந்தது; எண்ணெய்க் கொள்கலங்கள் உடையாமற் தப்பின. உடைந்திருப்பின், அம்பாறையிலிருந்து வாகரை வரை வலை வீசி வாழும் குடும்பங்களின் நிலை என்னவாகியிருக்கும்? கிழக்குக் கடலின் இரு பகுதிகளிலே எண்ணெய் வளம் பற்றி ஆராய்வதற்கு 2016இற் பிரான்சின் டோட்டல் நிறுவனத்தோடு இலங்கை ஒப்பந்தஞ் செய்ததையும் இங்கே நினைத்தல் தகும்.

ஆதலாற் துளையிடும் கப்பல் ஒன்று என்றேனும் மாங்கேணிக்கு நேரே கடலில் வந்து நிற்குமாயின், எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்ற வினாவுக்கு முன்னே வேறொரு வினாவை எழுப்பும் உரிமை அக்கரையோரத்தாருக்கு உண்டு. அடைப்பு யந்திரத்தை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மேலே எடுத்துச் சோதிக்கின்றீர்கள் என்பதே அவ்வினா. அதற்குத் தயக்கமின்றி விடை கூறவல்ல கப்பலில், கேணியின் ஓரத்திலே திடமான ஒரு தளம் இருக்கும். அது வேண்டும்போது நகரும், வேண்டாதபோது நகராது. ஆழக்கடலிற் கிணறு தோண்டுவோரிடம் மக்கள் எதிர்பார்க்கும் ஒழுங்கும் அதுவேயாகும்.