கருவிகளைக் கண்டறிதல்: முதலில் அறிய வேண்டியவர் யார்?

(திருக்கனூரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்கனூர்க் கடைத்தெருவில் பேருந்தினின்று இறங்கும் புதியவர் ஒருவர், தாள்கூழ்ப் பாவை செய்யும் கைவினைஞரின் வீட்டைத் தேடி வருகின்றார் என்று கொள்க. இவ்வூர்ப் பாவைகள் புவிசார் குறியீடு பெற்றவை. தேடி வருவோர் உண்டு. அவ்வீட்டைக் கண்டறிய அவருக்கு நான்கு வழிகள் உள. தெருவில் நின்று, "பாவை செய்வார் இங்கு யார்?" என உரக்க வினவலாம். வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துச் செல்லலாம். ஊரையெல்லாம் அறிந்த தேநீர்க் கடைக்காரரை உசாவலாம். இம்மூன்றும் பயன்படாவிடின், முதல் வீடு தொடங்கிக் கடைசி வீடு வரை கதவு கதவாகத் தட்டிப் பார்க்கலாம்.

பொருளிணையம் என்று இன்று பேசப்படுவதிலும் வழிகள் இவையே. கண்காணிப்புப் படக்கருவி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, மின்விளக்கு, கதவுப் பூட்டு, கழனியில் நீரிறைக்கும் மோட்டார் ஆகியவை கணிப்பொறிகளைப் போலவே ஒன்றோடொன்று இணைக்கப்பெற்று நிற்பதே பொருளிணையம். இணைந்த கருவி பயன்பட வேண்டுமாயின், அது எங்குள்ளது, யாது செய்ய வல்லது என்பதை மற்றொரு கருவி அறிதல் வேண்டும். அவ்வறிதலின் முறைகளை ஒவ்வொன்றாகக் காண்போமாக.

முதல் முறை கூவி அழைத்தல். கைப்பேசியில் ஒருவர் அச்சிடும் பொத்தானை அழுத்தியவுடன், அக்கைப்பேசி 224.0.0.251 என்னும் பொதுமுகவரிக்கு, "அச்சுப்பொறி எது?" என்று ஒரு வினாவை விடுக்கின்றது. அவ்வீட்டு வலையத்திலுள்ள கருவிகள் எல்லாம் அதனைக் கேட்கும். அச்சுப்பொறி மட்டும் தன் பெயரையும் முகவரியையும் கூறும். இம்முறைக்கான நெறிகள் 2013-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றன. இதில் நடுவர் எவரும் இல்லை; ஆகவே அமைப்பது எளிது.

இரண்டாவது முறை பெயர்ப்பலகை. புளூடூத்து எனப்படும் ஊடலையால் இயங்கும் சிறு கருவிகள், மின்மினி விட்டுவிட்டு ஒளிர்வது போலத் தம்மைப் பற்றிய குறிப்பை மூன்று தனித் தடங்களில் இடைவிடாது பரப்பிக் கொண்டிருக்கும். நொடிக்குள் பலமுறை ஒளிர்வனவும் உண்டு; பத்து நொடிக்கு ஒருமுறை ஒளிர்வனவும் உண்டு. அருகில் செல்வோர் எவரும் அதனைப் படிக்கலாம்.

மூன்றாவது முறை பதிவேடு. மின்கலத்தால் இயங்கும் மண்ணீர உணரி போன்றவை பெரும்பொழுது உறங்கிக் கிடப்பவை, கூவினால் எழா. அவற்றின் பொருட்டு விழித்திருந்து விடை கூறும் பதிவேட்டுக் கணிப்பொறி ஒன்று வேண்டும். இதற்கான நெறியை இணையப் பொறியியற் பணிக்குழு 2022-ஆம் ஆண்டு வெளியிட்டது. பதிந்த கருவி குறித்த காலத்துள் தன் பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். காலம் தனியே குறிக்கப்படாவிடின் 25 மணிநேரத்தில் அப்பதிவு காலாவதியாகிவிடும். செத்த கருவியின் பெயர் ஏட்டில் நிலைத்துவிடாமற் காப்பதற்கே இவ்வேற்பாடு.

நான்காவது முறையே இவ்வுரையின் உயிர்நாடி. அது கதவு தட்டல். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. இத்தனையையும் தட்டிப் பார்ப்பது ஆகிற செயலா என்று ஐயுற வேண்டா. 2013-ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய நிரலொன்று, விரைவான இணைப்புடைய ஒரே கணிப்பொறியைக் கொண்டு, 45 மணித்துளிக்குள் அவ்வளவையும் தட்டிப் பார்க்க வல்லதாயிற்று. 2009-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சோடான் என்னும் தேடுபொறியோ, இவ்வாறு தட்டித் திறந்த விடைகளை யாவரும் தேடிப் பார்க்குமாறு தொகுத்து வைத்துள்ளது. நூல்களைத் தேடுவது போலப் படக்கருவிகளைத் தேடலாம்!

தட்டுகின்றவன் நல்லவனாயின் தாழ்வில்லை. தீயவனாயின் என்னாகும்?

2016-ஆம் ஆண்டு உலகம் அதனைக் கண்டது. மிராய் என்னும் கேட்டு நிரல் முகவரிகளைக் கண்டபடி தட்டிச் சென்றது. திறந்த கதவில், ஆக்கிய நிறுவனங்கள் இட்ட கடவுச்சொற்களுள் 60-க்கும் மேற்பட்டவற்றை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தது. வாங்கியவர் மாற்றாமல் விட்ட சொற்களே அவை! ஏறத்தாழ ஆறு நூறாயிரம் கருவிகள் அதன் கைப்பட்டன. வீட்டைக் காக்க வைத்த படக்கருவிகளே, அக்டோபர் 21-ஆம் நாள் முகவரி வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தாக்கும் படையாயின. அமெரிக்காவில் பெரும் இணையத் தளங்கள் பல முடங்கின.

அஃது அயல்நாட்டுக் கதை என்று அமைதி கொள்வதற்கில்லை. 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியாவில் பி.எசு.என்.எல். வாடிக்கையாளரின் மோடங்கள் ஏறத்தாழ 60,000 கேட்டு நிரலால் செயலிழந்தன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தொடக்கத்தில் இருந்தவாறே விடப்பட்டதே அதற்கு வழிவகுத்தது. அவற்றை மாற்றிக் கொள்ளுமாறு அந்நிறுவனம் மக்களை வேண்டியது. இணைப்பறுந்த அவ்வீட்டார், தங்கள் கூடத்து மூலையில் ஒளிரும் அச்சிறு பெட்டிக்குக் கடவுச்சொல் ஒன்று உண்டென்று அதற்கு முன் எண்ணிப் பார்த்திருப்பரோ?

இடர் இங்கேதான் உள்ளது. கருவியின் இருப்பை உடையவன் அறியுமுன் அயலான் அறிந்து விடுகின்றான். இதனை உணர்ந்த சப்பான் அரசு, 2019-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் தன் நாட்டின் ஏறத்தாழ 20 கோடி முகவரிகளைத் தானே தட்டிப் பார்த்து, எளிய கடவுச்சொல் கொண்ட கருவிகளின் உடைமையாளர்க்கு எச்சரிக்கை விடுக்கும் பணியைத் தொடங்கியது. பிரித்தானியா 2024 ஏப்பிரல் முதல், எளிதில் உய்த்தறியத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்பதைச் சட்டத்தால் தடுத்துள்ளது. இந்திய அரசும் அதே திங்களில் கண்காணிப்புப் படக்கருவிகட்குக் கட்டாயப் பாதுகாப்பு நெறிகளை அறிவித்தது. ஆயினும் சட்டம் புதிய கருவிக்கே துணையாகும். சுவரில் முன்பே மாட்டிய பழைய கருவிக்கு உடையவனே காவலன்.

அக்காவலுக்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. வீட்டு மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். அதனைத் தாளில் எழுதுக. ஒவ்வொன்றின் எதிரிலும் உள்ள வன்பொருள் முகவரியின் முதற்பாதி பெரும்பாலும் ஆக்கிய நிறுவனத்தைக் காட்டும். இன்னதென்று விளங்காத பெயர் இருப்பின், வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்துக. எது நிற்கும்போது அப்பெயர் மறைகின்றதோ, அதுவே அது. எதை நிறுத்தியும் மறையாத பெயர் அயலானுடையதாகலாம். அருகலையின் கடவுச்சொல்லை உடனே மாற்றுக. மோடம் வீட்டுக்கு மதில் போன்றது. சில கருவிகள் உடையவரைக் கேளாமலே அம்மதிலில் வாயில் திறக்குமாறு மோடத்தை வேண்டும். அத்தானியங்கு வாயில் திறப்பை அடைத்து வைக்க. தன் வீட்டை எண்ணுவது கடமை. அயலார் கருவியில் இசைவின்றி நுழைவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் இளைஞர் மறவற்க.

இனிப் பெயர் பற்றி ஒரு சொல். கூவி அழைக்கும் முறையில் கருவிக்குத் தமிழிலேயே பெயரிடலாம். நெறி அதற்கு இடந்தருகின்றது. பெயருக்கு 63 எண்மிகள் அளவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் எண்மி போதும். தமிழிலோ ஒவ்வொரு குறிக்கும் மூன்று எண்மிகள் வேண்டும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ஆகவே தமிழ்ப் பெயர் 21 குறிகளுக்குள் அடங்க வேண்டும். "மாடிப்படக்கருவி" என்பதற்குப் பதினைந்தே குறிகள்; இன்னும் இடமுண்டு! விளங்காத அயன்மொழிக் குறிகளும் எண்களும் நிறைந்த பட்டியலில் புதிய திருடன் ஒருவன் நின்றாலும் தெரியாது. பாட்டியும் படித்தறியும் தமிழ்ப் பெயர்கள் நிறைந்த பட்டியலிலோ, வேற்றான் உடனே வெளிப்படுவான். தாய்மொழிப் பெயர் இங்கு அணியன்று, காவல். எனினும் பெயர்ப்பலகை கள்வனும் படிக்கத்தக்கது. ஆகவே பூட்டின் இடத்தையும் வீட்டாரின் பெயரையும் பரப்பும் பெயர்களைத் தவிர்க்க.

கழனியில் எத்தனை தென்னை, கொட்டிலில் எத்தனை மாடு என்று கேட்டால் தயங்காது விடை கூறுபவர் உழவர். வீட்டில் எத்தனை கருவிகள் இணையத்தோடு பேசுகின்றன என்னும் வினாவிற்கும் அவ்வாறே விடை கூறும் நாள் வரவேண்டும். அயலான் எண்ணி முடிக்குமுன், இன்றிரவே ஒவ்வொரு வீட்டாரும் தம் கருவிகளை எண்ணுவாராக!