குறைமாதப் பிள்ளைக்கு நெஞ்சுச் சூடு

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியது)



37 கிழமை நிறையுமுன் பிறந்த பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தவுடன், "தொட்டா ஏதாச்சும் ஆயிரும்" என்று நாம் தள்ளி நின்றுவிடுகிறோம். தாய்க்கு டிக்கட் வெட்டியதும், பிள்ளையை விட்டுவிட்டு லயத்துக்கு வந்துவிடுவதும் உண்டு.

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இந்தப் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்ற டாக்டர், பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சிலேயே வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று தாதிமார் சொல்வது இதைத்தான். ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைக்கும்படி 2022இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது.

சட்டையில்லாமல், தொப்பியும் நெப்கினும் மட்டும் போட்டு, நிமிர்ந்தபடி, தவளை மாதிரிக் கைகால் மடங்கியிருக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், மூக்கு மூடக்கூடாது. உங்கள் மூச்சு ஏறி இறங்குவதே அதற்குத் தொட்டில். மெதுவாகப் பேசுங்கள். விரல் விரித்து முகம் சுளித்தால் பேச்சை நிறுத்தி, உள்ளங்கையைச் சும்மா வைத்திருங்கள். நம் பாட்டிமார் கைகாலை உருவிவிடுவார்களே, அது இந்தப் பிள்ளைக்கு ஆகாது. கைகால் அசைக்கும் பயிற்சி தாதி காட்டித்தந்தால் மட்டுமே.

தகப்பனும் வைத்திருக்கலாம். கவ்வாத்து வெட்டுகிற கை முரடு என்று ஒதுங்க வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி.

தினமும் போய்வர பஸ் காசு இல்லையென்றால் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள்.