வரைபடத்தில் இல்லாத பாடு

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"பொறியாளனுக்கு மீன்பிடி கிராமத்தில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பழவேற்காடு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? பூநாரை வரும். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையும், எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்ட வாசலும் வரும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில்.

கோட்டை இடிந்துவிட்டது. ஆனால் இடியாத கட்டுமானம் ஒன்று அங்கே உண்டு. அதன் பெயர் 'பாடு'.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. இறால் கடலில் பிறக்கிறது. குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வருகிறது. வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. அதனால் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் கழி நட்டு வலை கட்டுகிறவருக்கு நல்ல வரும்படி. அந்த இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொண்டால் மற்றவன் கதி? அதற்குத்தான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் போன்ற பட்டினவர் ஊர்களில் உரிமையுள்ள குடும்பங்கள் முறை வைத்து இடம் மாறி மாறித் தொழில் செய்கின்றன. இன்று நல்ல இடம் உனக்கு என்றால், நாளை எனக்கு. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்காரர்கள் சீட்டுக் குலுக்கி இப்படித்தான் இடம் பிரிக்கிறார்கள். பொதுச்சொத்து என்றால் பாழாகத்தான் போகும் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்ன வேண்டும்?

ஆனால், நண்பர்களே, இதைப் புகழ்ந்து நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். பாட்டில் பெயர் இல்லாதவர்களும் அதே ஏரியை நம்பித்தான் வாழ்கிறார்கள். இருளர் இன மக்களைச் சொல்கிறேன். வலையும் இல்லை, படகும் இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பெண்கள் பனையோலைப் பறியை வாயால் கவ்விக்கொண்டு, மணிக்கணக்கில் தண்ணீரில் நகர்கிறார்கள். மாசி மகத்தன்று பல மாவட்டத்து இருளரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கன்னியம்மனைத் திரும்ப அழைக்கிறார்கள். கடலை அம்மன் இருக்கும் இடமாகக் கும்பிடும் அந்த மக்களுக்கு, ஏரியில் ஒரு முறைநாள் கிடையாது.

இப்போது நம் தொழிலுக்கு வருகிறேன். முகத்துவாரம் மணலால் அடிக்கடி தூர்ந்துபோகிறது. அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகும் கடலுக்குப் போகாது. மீனவர்களே இறங்கி மணலை வெட்டிவிட்ட காலமும் உண்டு. அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க, இருபுறமும் கல் கொட்டிச் சுவர் அமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு எடுத்திருக்கிறது. வேண்டிய பணிதான், மீனவர்களே கேட்டதுதான். ஆனால் நம் வரைபடத்தில் ஆழம் இருக்கும், அகலம் இருக்கும், மணல் அளவு இருக்கும். இன்று யாருடைய முறை என்பது இருக்காது. ஓட்டம் மாறினால் பாட்டின் இடம் மாறும். கரையோரத்தை ஆழப்படுத்தினால் படகுக்கு நல்லது. கையால் தடவும் இருளர் பெண்ணுக்குப் பிழைப்பு போச்சு!

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் ஒரு ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ அளவுநாடாவோடு நிற்கப் போகிறீர்கள். அளப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இங்கே யாருக்கு முறை?" என்பது ஒன்று. "முறையே இல்லாமல் இங்கே பிழைக்கிறவர் யார்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பஞ்சாயத்தார் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்குப் பதில் வேண்டுமென்றால், நாமே முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க் கேட்க வேண்டும்.